இந்தி தெரிந்த டிரைவர்

என்னிடம் வேலை செய்த டிரைவர்களை வரிசையாக நிற்க வைத்தால் மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்துக் கடற்கரைக் கோயில் வரைக்கும் போகும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். டூரிஸ்ட் பஸ்களுக்குக் கண்ணாடி துடைத்தவன். இன்றைக்கு சிறுசேரி கம்பெனிப் பிள்ளைகள் என் வேன் வராவிட்டால் ஆபீஸ் போக முடியாது. இதெல்லாம் எப்படி வந்தது? ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன், அதனால் வந்தது.

ஒரே ஒருத்தன் விஷயத்தில் மட்டும் என் தராசு முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அவனைப் பற்றித்தான் இது. பேர் போட வேண்டாம் என்று அவன் பெண்சாதி கேட்டுக்கொண்டது. தேவையும் இல்லை. எங்கள் ஷெட்டில் அவனை எவனும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. “இன்னாடா, தெரியும் வந்துட்டானா?” என்பார்கள். “தெரியும் டீசல் போடப் போய்கீறான்” என்பார்கள். அவன் பேரே அதுதான். தெரியும்.

வேலை கேட்டு வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“வேன் ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்.”

“சின்னச் சின்ன ரிப்பேரு?”

“தெரியும் தெரியும்.”

“ஈசிஆர்ல போலீஸ் எங்கெங்க நிப்பான்?”

“அதுகூடத் தெரியாமயா வந்து நிக்கிறேன், அண்ணாத்த?”

“இந்தி?”

கண் இமைக்கவில்லை. “தெரியும்.”

எனக்கு வாயெல்லாம் பல். சிற்பம் பார்க்க வடக்கிலிருந்து வருகிற கூட்டத்துக்கு இந்தி பேசுகிற டிரைவர் கிடைத்தால் சும்மாவா? அன்றைக்கே பெயிண்டரைக் கூப்பிட்டு வேன் பின்கண்ணாடியில் மஞ்சளில் எழுத வைத்தேன்: இந்தி தெரிந்த டிரைவர்.

ஆள் கறுப்பு. நல்ல உயரம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. யார் என்ன சொன்னாலும் தாடையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான், கண்ணைப் பாதி மூடுவான், தூங்குகிற குழந்தையின் முதுகைத் தட்டுகிற மாதிரி மெதுவாக இரண்டு தரம் சொல்வான்: “தெரியும்... தெரியும்.” அதற்கு மேல் ஒரு கேள்வி வராது. வழி கேட்க மாட்டான். விலாசம் கேட்க மாட்டான். கூகுளைக் கேட்க மாட்டான்.

ஒரு தடவை கல்பாக்கம் டவுன்ஷிப் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வேடந்தாங்கல் போனான். போகவில்லை. மதுராந்தகம் பக்கம் ஏதோ ஒரு ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, “இறங்குங்க சார், எல்லாம் வெளிநாட்டுப் பறவை” என்றிருக்கிறான். அவர்கள் எல்லாம் விஞ்ஞானம் படித்தவர்கள். பைனாகுலரை வைத்துக்கொண்டு எருமை மாட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பொடிசு கேட்டதாம், “அங்கிள், இது கொக்குதானே? எங்க வீட்டுப் பின்னாடியே வருமே?”

“தெரியும் தெரியும் கண்ணு. இது சைபீரியா கொக்கு.”

எனக்குப் போன் மேல் போன். அந்தக் குடும்பங்களுக்கு மறு வாரம் நான் நேரில் போய், ஓசியில் வேடந்தாங்கல் காட்டிவிட்டு வந்தேன். பெயர் கெடக்கூடாது பாருங்கள்.

சிறுசேரி வண்டியில் இன்னொரு கூத்து. ஒரு பெண் பிள்ளை போனில் யாரிடமோ “சர்வர் டவுன் ஆயிடுச்சாம்” என்று கவலையாகப் பேசிக்கொண்டு வந்தது. நம்ம ஆள் திரும்பினான். “தெரியும்மா. காலையிலயே கேள்விப்பட்டேன். காய்ச்சலாம். காண்டீன்ல இட்லி பரிமாறக்கூட ஆள் இல்லையாமே.” வேன் முழுக்கச் சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரித்தான், எதற்கென்று தெரிந்தவன் மாதிரியே.

இதை மட்டும் எழுதினால் அவன் வெறும் கோமாளி ஆகிவிடுவான். அப்படி இல்லை. என் தம்பி செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கண்ணை மூடின அன்றைக்கு என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தவன் இவன்தான். நான் எவன் எதிரிலும் அழுகிற ஆள் கிடையாது. அன்றைக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, தம்பியும் நானும் எந்தக் காலத்திலோ போட்ட சண்டையெல்லாம் பிதற்றிக்கொண்டே வந்தேன். அவன் ரோட்டைப் பார்த்தபடி, “தெரியும் அண்ணாத்த... தெரியும்” என்றான். அவனுக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் வீடு வந்து சேர்ந்தபோது என் நெஞ்சில் பாதி பாரம் இறங்கியிருந்தது. அவன் அந்த வார்த்தையைச் சொன்னால் எதிரில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் ஆகும். நம்மைப் புரிந்துகொண்டான், இனி அவன் பார்த்துக்கொள்வான் என்று தோன்றிவிடும்.

ஏன்தான் இப்படி இருக்கிறான் என்று அவன் பெண்சாதியையே கேட்டேன். “சின்னதுல அவரு ஒரு பண்ணையில மாடு மேய்ச்சாரு மாமா. தெரியாதுன்னு சொன்னா அங்க அடி விழுமாம். அதுல இருந்து அந்த வார்த்தையே வாயில வராது. கல்யாணத்தன்னிக்கு ஐயர் மந்திரம் சொன்னா, திருப்பிச் சொல்லாம தெரியும் தெரியும்னு தலையாட்டினாரு” என்று சொல்லிச் சிரித்தது.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளில் நின்றது.

ஒரு ஏஜெண்ட் வந்தான். கையில் இரண்டு போன், பேச்சில் தேன். வடக்கிலிருந்து ஹவுஸ் கீப்பிங் வேலைக்குப் பெண்கள் வருகிறார்கள், செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஏற்றி முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு பங்களாவில் விட வேண்டும் என்றான். பின்கண்ணாடியைப் பார்த்து, “இந்தி தெரிஞ்ச டிரைவரா? அப்ப வேற ஆளை அனுப்புங்க” என்றான். நான் விடுவேனா? “தம்பி, என்கிட்ட இருக்கறதுலயே நல்ல டிரைவர் அவன்தான்” என்றேன். அரைமனசாகச் சம்மதித்தான். நம்ம ஆள் இரண்டு மூன்று நடை போனான்.

ஒரு நாள் மத்தியானம் போலீஸ் அந்தப் பங்களாவுக்குள் நுழைந்தது. ஹவுஸ் கீப்பிங்காவது மண்ணாவது! பெண்களைப் பூட்டி வைத்துத் தப்பான தொழிலுக்குத் தள்ளுகிற இடம் அது. ஏஜெண்ட் மாட்டினான், பங்களாவைப் பார்த்துக்கொண்டவன் மாட்டினான், என் வேன் மாட்டியது, வேனோடு அவனும்.

ஓனர் என்று என்னையும் வரச் சொன்னார்கள். நான் உள்ளே போகும்போது இன்ஸ்பெக்டர் அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“இந்தப் பொண்ணுங்களை எங்க கூட்டினு போறாங்கன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும் சார்.”

“எதுக்குன்னு தெரியுமா?”

“தெரியும் தெரியும் சார்.”

“டேய், வாயை மூடுடா பேமானி!” என்று கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். “நீ யாரு?”

“ஓனர் சார்.”

“அப்ப உனக்கும் தெரியுமா?”

என் வாழ்க்கையில் எந்த வார்த்தையும் அவ்வளவு வேகமாக வந்ததில்லை. “தெரியாது சார்!”

பார்த்தீர்களா, ஒரு வார்த்தை. நான் வெளியே, அவன் உள்ளே.

செங்கல்பட்டில் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்தேன். சின்ன வயசு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசும். அது சொன்னது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். “ஐயா, ஆள் கடத்தல் கேஸ்ல ஆளைப் பிடிச்சவன் மட்டும் குற்றவாளி இல்ல. வண்டியில ஏத்திட்டுப் போனவன், வீட்டுல வச்சிருந்தவன், கைமாத்தினவன், வாங்கினவன், எல்லாருக்கும் ஒரே பிரிவு. இது பல பொண்ணுங்க. நிரூபிச்சா பத்து வருஷத்துக்குக் குறையாது. ஆனா, எதுக்குக் கொண்டு போறாங்கன்னு தெரிஞ்சு ஓட்டினாரான்னு அவங்க நிரூபிக்கணும். இவரு போலீஸ்ல சொன்னது கோர்ட்டுல செல்லாது. வேற எங்கயாவது தெரியும்னு சொல்லியிருக்காரா?”

நான் தலையில் கை வைத்தேன். “வேற எங்க சொல்லாம இருந்துகீறான் மேடம்?”

வக்கீல் அவனிடமே கேட்டது. “அண்ணா, போலீஸ்ல தெரியும்னு சொன்னீங்களே, உங்களுக்கு என்னதான் தெரியும்?”

“ஹவுஸ் கீப்பிங் மேடம். வூட்டைக் கூட்டிப் பெருக்கறது.”

அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. எனக்கும் அதே அளவுதான் தெரியும். ஜாமீன் கிடைத்தது; அதற்கு நான் அலைந்த அலைச்சலைத் தனியாக எழுத வேண்டும். எவனோ ஒரு டிரைவருக்காக எந்த ஓனர் இப்படிப் படியேறுவான், சொல்லுங்கள்.

என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் வேன் போட்டோவைத் தூக்கிக் காட்டினார். “உங்க வண்டியில ‘இந்தி தெரிந்த டிரைவர்’னு நீங்கதானே எழுதினீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப அவருக்கு இந்தி தெரியும்?”

“ஐயா, அதே கண்ணாடியில கீழ ‘ஏசி’ன்னும் எழுதிகீது. ஒரு தபா வந்து உக்காந்து பாருங்க, அப்புறம் பேசலாம்.”

கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜம்மாகூட ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

பிறகுதான் பங்களாவில் மீட்ட பெண்களில் ஒன்று சாட்சி சொல்ல வந்தது.

ஜார்க்கண்ட் பக்கம். அது சாட்சி சொல்லும்போது எங்களை எல்லாம் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்தியைத் தமிழில் சொல்லக் கல்பாக்கத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். கேஸில் மாட்டினவர்கள் உள்ளே இருக்கலாம் என்பதால் நம்ம ஆளும் உள்ளே. எல்லாம் முடிந்து வெளியே வந்தவன் நேரே போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். கிளாஸைக் கையில் வாங்கினான், குடிக்கவில்லை. வக்கீல்தான் சொன்னது.

“திருப்போரூர்ல ஏஜெண்ட் சிகரெட் வாங்க இறங்கினானாம். அந்த நேரத்துல இந்தப் பொண்ணு முன்பக்கம் குனிஞ்சு இவர்கிட்ட பேசியிருக்கு. என் போனையும் ஆதாரையும் பிடுங்கிட்டாங்க, சொன்ன வேலை இது இல்லைன்னு பயமா இருக்கு, என்னை அங்க விட்டுட்டுப் போகாதீங்கன்னு. இவரு திரும்பிப் பார்த்து, தலையைச் சாய்ச்சு, தெரியும் தெரியும்னு சொன்னாராம். அந்தப் பொண்ணு அதைத் தமிழ்லயே சொல்லிக் காட்டுச்சு ஐயா. அதுக்குத் தெரிஞ்ச முதல் தமிழ் வார்த்தை அதுதான்.”

“இவனுக்குத்தான் இந்தி தெரியாதே!” என்றேன்.

“அதைத்தான் நான் குறுக்கு விசாரணையில கொண்டு வந்தேன். அந்த வார்த்தையைக் கேட்டு நீ என்ன நினைச்சேன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.” வக்கீல் பெஞ்சுப் பக்கம் பார்த்தது. “டிரைவர் பையாவுக்கு, அதான் அண்ணாவுக்கு, புரிஞ்சிடுச்சு, யாரையாவது கூட்டிட்டு வருவாருன்னு நினைச்சேன். கேட்டுல வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் அவருதான்னு ஜன்னல்கிட்ட ஓடினேன்னு சொல்லுச்சு.”

பெஞ்சில் இருந்தவன் தலையைத் தூக்கவில்லை. டீயில் ஏடு கட்டிவிட்டது.

இனி ஒரே ஒரு படி பாக்கி. ஜட்ஜம்மா அவனையே நேரில் கேட்பார், அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும். வக்கீல் அதே டீக்கடையில் வைத்துப் பாடம் நடத்தியது.

“எது கேட்டாலும் தெரியாது. அது ஒண்ணுதான் பதில். சொல்லுங்க பார்ப்போம். இந்தி தெரியுமா?”

“தெரி...” என்று ஆரம்பித்து எச்சிலை விழுங்கினான்.

“யோவ், ‘யாது’ன்னு முடிய்யா!” என்று நான் கத்தினேன். டீ மாஸ்டர் பால் சட்டியை வைத்துவிட்டு வந்து, “நானே சொல்லிக்குடுக்கட்டா? தெ-ரி-யா-து” என்று எழுத்துக் கூட்டினான். பக்கத்தில் வாய்தாவுக்கு வந்திருந்தவன் எல்லாம் சேர்ந்துகொண்டான். ஒரு கூட்டமே கூடி ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்த வேடிக்கை செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் அன்றைக்குத்தான் நடந்திருக்கும். கடைசியில் சொன்னான். வேர்த்துக் கொட்டியது. நாங்கள் எல்லாம் கை தட்டினோம்.

அந்த நாள் வந்தது. நான் முன் வரிசையில் இருந்தேன். அவன் பெண்சாதி எனக்குப் பின்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. ஜட்ஜம்மா கேள்வி கேட்கக் கேட்க, தெரியாது, தெரியாது, தெரியாது என்று மழை மாதிரி விழுகிறது! எனக்கு எழுந்து நின்று விசில் அடிக்கலாம் போல இருந்தது. பிறகு அந்தக் கேள்வி.

“திருப்போரூரில் வண்டி நின்றபோது அந்தப் பெண் உங்களிடம் இந்தியில் உதவி கேட்டதாகவும், நீங்கள் தெரியும் என்று சொன்னதாகவும் சாட்சி சொல்லியிருக்கிறது. என்ன சொல்றீங்க?”

“இந்தி தெரியாதும்மா. ஒரு வார்த்தை தெரியாது.”

வக்கீல் மூச்சு விட்டது.

“ஆனா அந்தப் பொண்ணு அழுதுது. அது தெரியும்.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டது. என் பின்னால் அவன் பெண்சாதி “ஐயோ” என்றது. ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“அழுதது தெரிஞ்சும் ஏன் என்ன ஏதுன்னு கேக்கல?”

அவன் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“கேட்டா, எனக்குத் தெரியலன்னு அதுக்குத் தெரிஞ்சிடும்மா.”

எத்தனையோ பெரிய மனிதர்கள் பேச்சை மேடையில் உட்கார்ந்து கேட்டவன் நான். அந்த மாதிரி ஒரு பதிலை எங்கும் கேட்டதில்லை. பத்து வருஷத்தைத் தானே கையை நீட்டி வாங்கிக்கொண்டான் என்று நினைத்தேன்.

தீர்ப்பு வரும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏஜெண்டுக்கும் பங்களாக்காரனுக்கும் பத்து வருஷம் போட்டார்கள். நம்ம ஆள் முறை வந்தது. விடுதலை! எதற்குக் கொண்டு போகிறார்கள் என்று தெரிந்து ஓட்டினான் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று படித்தார்கள். நான் எழுந்தே விட்டேன். கோர்ட்டு ஆள் தோளை அழுத்தி உட்கார வைத்தார். ஜட்ஜம்மா காகிதத்தை மூடிவிட்டு அவனைப் பார்த்துச் சொன்னார்: “தெரிஞ்சு செஞ்சவனுக்குத்தான் இந்தப் பிரிவு. தெரிஞ்சுக்காம விட்டவனுக்கு இதுல தண்டனை இல்ல. நீங்க போகலாம்.”

அவன் போகவில்லை. கூண்டிலேயே நின்றான். அடுத்த கேஸ்காரன் வந்து அவன் முதுகைத் தட்டினபிறகுதான் இறங்கினான்.

வராந்தாவில் நான் ஆர்ப்பாட்டம் பண்ணிக்கொண்டிருந்தேன். பார்த்தவனுக்கெல்லாம் கை கொடுத்தேன். அவன் பெண்சாதி ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையுமாக நின்றது. அவன் என்னைத் தாண்டி வக்கீலிடம் போனான்.

“மேடம், நீ சொன்னது புரியலன்னு இந்தியில எப்படிச் சொல்றது?”

அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். வக்கீல் பையிலிருந்து போனை எடுத்தது. “எனக்கும் தெரியாதுண்ணா. இருங்க” என்று அந்த டீச்சரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தது.

“சமஜ் மே நஹீ ஆயா” என்றது போன்.

“சமச் மே...”

“நஹீ ஆயா.”

“நஹீ ஆயா. டீச்சரே, தங்கச்சின்னா இன்னா?”

“பெஹன்.”

அந்தப் பெண் அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாதாம், அதுதான் சட்டம். நான்தான் காரை ஓட்டினேன். பிரியாணி வாங்கிக்கொண்டு போகலாம் என்றேன், அவன் காதில் விழவில்லை. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். முதலில் நாக்கு புரண்டது. திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் தெளிவாகவே சொல்ல வந்துவிட்டது.

“சமஜ் மே நஹீ ஆயா, பெஹன்.”

காருக்குள் நானும் அவன் பெண்சாதியும்தான் இருந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் இந்தி தெரியாது.